எஸ்எஸ்டி39எஸ்எஃப்040: ஐடி சரியாக வருகிறது, ஆனால் எழுதும்போது ஒன்றுவிட்டு ஒரு பைட் விழவில்லை

#1 ஏழாம்பிட்

ஃப்ளாஷ் மெமரி (மின்சாரம் போனாலும் டேட்டா அழியாதது) சிப் எஸ்எஸ்டி39எஸ்எஃப்040, 5 வோல்ட், 70 நானோ செகண்ட் வகை. மைக்ரோகன்ட்ரோலரின் பின்களே 8 டேட்டா லைனையும் 19 அட்ரஸ் லைனையும் நேரடியாக ஓட்டுகின்றன. கீழே உள்ள எண்கள் எல்லாம் ஹெக்ஸ் (பதினாறை அடிப்படையாகக் கொண்டவை). ஏ முதல் எஃப் வரை தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தாமதங்கள், பைட் எண்ணிக்கைகள் மட்டும் சாதாரண எண்கள்.

சரியாக நடப்பவை: முகவரி 5555-ல் ஏஏ, 2ஏஏஏ-வில் 55, 5555-ல் 90 கொடுத்து ஐடி (சிப்பின் அடையாள எண்) கேட்டால் முகவரி 0-வில் பிஎஃப், முகவரி 1-ல் பி7 வருகிறது. எஃப்0 கொடுத்ததும் சாதாரண வாசிப்புக்குத் திரும்புகிறது. செக்டர் (ஒரே தடவையில் அழியும் பகுதி) அழிப்பும் சரி, 4 கிலோபைட் முழுக்க எஃப்எஃப்.

சரியில்லாதவை: 256 பைட்டைத் தொடர்ந்து எழுதினால் 0, 2, 4 என்று இரட்டைப்படை முகவரிகள் சரியாக இருக்கின்றன, ஒற்றைப்படை முகவரிகளில் எஃப்எஃப் அப்படியே நிற்கிறது. நடுநடுவே இந்த ஒழுங்கு ஓரிடத்தில் புரண்டு, அதன் பிறகு ஒற்றைப்படை சரி, இரட்டைப்படை காலி என்று மாறிவிடுகிறது. ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை: 5555-ஏஏ, 2ஏஏஏ-55, 5555-ஏ0, பிறகு முகவரியும் டேட்டாவும். அதன் பின் 10 மைக்ரோ செகண்ட் தாமதம்.

இன்னொன்று: எஃப்0 இருந்த இடத்தில் 3சி எழுதினால் 30 வந்து நிற்கிறது. இரண்டும் ஒரே கோளாறா?

#2 அலைமானி

வேறு வேறு. இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம், அது கோளாறே இல்லை. எழுதும் கட்டளை 1-ஐ 0 ஆக்கும், அவ்வளவுதான். 0-வை 1 ஆக்க அழிப்பு ஒன்றே வழி, அதுவும் செக்டர் முழுவதற்கும் சேர்த்து. எஃப்0 என்றால் 1111 0000. 3சி என்றால் 0011 1100. பழையதிலும் புதியதிலும் 1 உள்ள பிட் மட்டுமே 1 ஆகத் தங்கும்: 0011 0000, அதாவது 30. சிப் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

முதலாவதற்குக் காரணம் அந்த 10 மைக்ரோ செகண்ட். இந்தச் சிப்பின் டேட்டா ஷீட்டில் ஒரு பைட் எழுத வழக்கமான நேரம் 14 மைக்ரோ செகண்ட், அதிகபட்சம் 20. நாலாவது சுழற்சியில் டபிள்யூஇ (எழுது என்று சொல்லும் பின், கீழே இறங்கினால் செயல்படும்) மேலேறியதும் உள்ளே எழுதும் வேலை தொடங்குகிறது. அது முடியும்வரை வரும் எந்தக் கட்டளையையும் சிப் காதில் போட்டுக்கொள்ளாது. பிழை என்று சொல்லவும் அதற்கு வழியில்லை.

இனி உங்கள் வரிசையை நேரத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரு சுழற்சிக்கு 1 மைக்ரோ செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். பைட் 0-வின் டேட்டா போய்ச் சேர்ந்து 10 ஆனதும் தாமதம் முடிகிறது. 11-ல் ஏஏ, 12-ல் 55, 13-ல் ஏ0. மூன்றும் உள்வேலை நடக்கும்போதே வந்து வீணாகின்றன. 14-ஐ ஒட்டி வரும் டேட்டா உள்ளே நுழைந்தாலும், அதற்கு முன் திறவு வரிசை (அந்த ஏஏ, 55, ஏ0) வராததால் சிப் அதைத் தள்ளிவிடும். பைட் 1 போயிற்று. அடுத்து இன்னொரு 10 மைக்ரோ செகண்ட் தாமதம். அதற்குள் சிப் சும்மாதான் இருக்கிறது. எனவே பைட் 2 முழுசாக ஏறுகிறது. ஒன்றுவிட்டு ஒன்று விழுவது இதனால்தான். எந்த பைட்டாவது 10-க்குள் முடிந்துவிட்டால் அடுத்த பைட்டும் தப்பித்துக்கொள்ளும். நீங்கள் சொன்ன புரட்டல் அந்த இடம்.

ஐடியும் அழிப்பும் ஏன் சரியாக நடந்தன என்றால், அவற்றின் முன்னால் இன்னொரு வேலை நிலுவையில் இருக்கவில்லை. திறவு வரிசை, வயரிங், டைமிங் மூன்றும் சரி என்பதை அந்த ஐடியே காட்டிவிட்டது. இனி அந்தப் பக்கம் தேட வேண்டாம்.

#3 பதிவேடு

அலைமானி சொன்ன காரணம் சரி. ஆனால் தீர்வு என்று 10-ஐ 25 ஆக்கி விட்டுவிடாதீர்கள். வேலை செய்யும், ஆனால் நாளைக்கே அதே 32 பின் சாக்கெட்டில் ஏஎம்29எஃப்040பி உட்கார்ந்தால் உடைந்துவிடும். அதில் ஒரு பைட்டுக்கு வழக்கமாக 7 மைக்ரோ செகண்ட்தான், ஆனால் அதிகபட்சம் 300. செக்டரும் 4 கிலோபைட் இல்லை, 64 கிலோபைட். எஸ்எஃப்040-க்கு எழுதிய செக்டர் அழிப்பை அதில் ஓட்டினால் அண்டை வீட்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஐடியைப் படித்து (அதில் 01, ஏ4 வரும்) அதற்கேற்ற செக்டர் அளவை எடுப்பது கட்டாயம்.

சிப்பே முடிந்ததா என்று சொல்கிறது, அதைக் கேளுங்கள். இரண்டு வழி இருக்கிறது.

டிக்யூ7 (டேட்டா லைன் 7) வழி: எழுதிய முகவரியையே படியுங்கள். வேலை நடக்கும்வரை டிக்யூ7-ல் நீங்கள் எழுதிய பிட்டின் எதிர்மறை வரும். முடிந்ததும் உண்மையான பிட் வரும். அழிப்பின்போது 0, முடிந்ததும் 1. ஒரு நுணுக்கம்: டிக்யூ7 சரியாகிவிட்ட அதே வாசிப்பில் மற்ற ஏழு பிட்டும் சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது. முழு பைட்டும் நிலைபெற 1 மைக்ரோ செகண்ட் விட்டு மறுபடி படிக்க வேண்டும் என்று டேட்டா ஷீட்டே சொல்கிறது. அந்த மறுவாசிப்பைத்தான் எழுதிய டேட்டாவோடு ஒப்பிட வேண்டும்.

டிக்யூ6 வழி: வேலை நடக்கும்வரை ஒவ்வொரு வாசிப்பிலும் டிக்யூ6 மாறி மாறி வரும். அடுத்தடுத்த இரண்டு வாசிப்பில் ஒரே மதிப்பு வந்தால் முடிந்தது. எழுதிய டேட்டா என்ன என்று நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. அழிப்புக்கும் எழுத்துக்கும் ஒரே ரூட்டீன் போதும். அதனால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

எந்த வழி என்றாலும் லூப்புக்கு ஒரு எல்லை வையுங்கள். எஸ்எஃப்040-ல் செக்டர் அழிப்பு அதிகபட்சம் 25 மில்லி செகண்ட், சிப் முழுவதும் அழிக்க 100 மில்லி செகண்ட். இரண்டு மடங்கு காத்திருந்தும் முடியவில்லை என்றால் அது பிழை.

#4 ஏழாம்பிட்

டிக்யூ6 வழியைப் போட்டதும் லூப் முதல் சுற்றிலேயே “முடிந்தது” என்று வெளியே வருகிறது. பைட்கள் முன்போலவே விடுபடுகின்றன. ரூட்டீன் இப்படி: டேட்டா பின்களை இன்புட் ஆக்கு, சிஇ (சிப்பைத் தேர்ந்தெடுக்கும் பின்) கீழே, ஓஇ (டேட்டாவை வெளியே விடும் பின்) கீழே, போர்ட்டைப் படி, மறுபடி படி, டிக்யூ6 இரண்டிலும் ஒன்றா என்று பார், இல்லையென்றால் மறுபடி படி. கடைசியில் ஓஇ மேலே.

#5 பதிவேடு

ஓஇ-யைக் கீழேயே பிடித்துக்கொண்டு போர்ட்டை இரண்டு முறை படிக்கிறீர்கள். உங்களுக்கு அது இரண்டு வாசிப்பு, சிப்புக்கு ஒரே வாசிப்புதான். ஓஇ அல்லது சிஇ மேலே போய் மறுபடி கீழே வந்தால்தான் அதன் கணக்கில் அடுத்த வாசிப்பு. அப்போதுதான் டிக்யூ6 புரளும்.

ஒவ்வொரு வாசிப்பும் இப்படி இருக்கட்டும்: ஓஇ கீழே; ஒரு நாப் (எதுவும் செய்யாத ஆணை) அளவு நேரம் (70 நானோ செகண்ட் வகையில் ஓஇ இறங்கி 35 நானோ செகண்டில் டேட்டா வந்துவிடும், உங்கள் கன்ட்ரோலரின் இன்புட் ஒத்திசைவுக்குத்தான் அந்த நாப்); போர்ட்டைப் படி; ஓஇ மேலே. இரண்டு முறை செய்து ஒப்பிடுங்கள். சமமாக வந்தாலும் உடனே நம்பாமல் இன்னும் இரண்டு முறை படித்து உறுதி செய்யுங்கள். வேலை முடியும் கணத்தில் தவறான முடிவு கிடைக்க வாய்ப்பு உண்டு என்று அந்த டேட்டா ஷீட்டே இதைக் கேட்கிறது.

ஓஇ மேலே போன பிறகுதான் டேட்டா பின்களை அவுட்புட் ஆக்க வேண்டும். வரிசை மாறினால் சிப்பும் கன்ட்ரோலரும் ஒரே லைனை எதிரெதிராக இழுக்கும். உடனே எதுவும் கெட்டதாகத் தெரியாது, சப்ளையில் ஒரு குழி விழும், அந்தக் குழி அடுத்த கட்டளையில் வினோதமாக வெளிப்படும். விடிடி (சப்ளை) பின்னை ஒட்டி ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இல்லாத பிரெட்போர்டில் இது இன்னும் மோசம்.

#6 துடிப்பு

ஏழாம்பிட் நேரடியா பின்ல ஓட்டுறதால தப்பிச்சார். 74எச்சி595 (ஷிப்ட் ரெஜிஸ்டர், பிட்ட ஒண்ணொண்ணா வாங்கி ஒண்ணா வெளிய விடற சிப்) வச்சு அட்ரஸ் தள்றவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன், ஐடியே வராம இங்க வர்றவங்கள்ல நிறைய பேருக்கு இதுதான் பிரச்சனை.

முகவரி எப்போ உள்ள போகுது? டபிள்யூஇ, சிஇ ரெண்டுல எது கடைசியா கீழ இறங்குதோ அந்த இறக்கத்துல. டேட்டா எப்போ உள்ள போகுது? ரெண்டுல எது முதல்ல மேல ஏறுதோ அந்த ஏற்றத்துல. அதனால டபிள்யூஇ-ய இறக்கிட்டு அப்புறம் 595-ஐத் தள்ளினா, சிப் பிடிச்சு வச்சிருக்கறது முந்தின சுழற்சியோட முகவரி. லாஜிக் அனலைசர்ல டபிள்யூஇ பல்ஸுக்கு நடுவுல 5555, ஏஏ எல்லாம் அழகா தெரியும், ஆனா கட்டளை எடுக்காது. அனலைசர்ல இறக்கத்தோட ஓரத்துல முகவரியப் பாருங்க, ஏற்றத்தோட ஓரத்துல டேட்டாவப் பாருங்க. நடுவுல என்ன இருந்தா நமக்கென்ன.

டபிள்யூஇ-யையே 595-ல ஒரு பிட்டா வைக்காதீங்க. அதுக்குன்னு தனியா ஒரு பின் குடுங்க, ரீசெட் சமயத்துல மேலயே இருக்கற மாதிரி 10 கிலோஓம் புல்-அப் போடுங்க. கன்ட்ரோலர் எழுந்திருக்கற வரைக்கும் பின் மிதந்துட்டு இருக்கும், அந்த நேரத்துல டபிள்யூஇ ஆடக் கூடாது. சிப்புக்குள்ளயும் பாதுகாப்பு இருக்கு: 5 நானோ செகண்டுக்குக் குறைஞ்ச பல்ஸ எழுத்தா எடுத்துக்காது, சப்ளை 2.5 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா எழுதாது, ஓஇ கீழ இருந்தாலும் எழுதாது. ஆனா அத நம்பி வயர் போடறது சரியில்ல.

#7 கூட்டுவிசை

ஓர் அடிப்படைக் கேள்வி. ஏன் இந்த 5555-ஏஏ, 2ஏஏஏ-55? ஒரே பைட்டில் “எழுது” என்று சொல்லும்படி வைத்திருக்கலாமே?

#8 அலைமானி

அப்படித்தான் இருந்தது. முதல் தலைமுறை 28எஃப்010 போன்ற சிப்களில் கட்டளை ஒரே பைட்தான்: எழுத 40, அழிக்க 20-ஐ இருமுறை. ஆனால் அவற்றுக்கு எழுதவும் அழிக்கவும் விபிபி பின்னில் தனியாக 12 வோல்ட் கொடுக்க வேண்டும். 12 வோல்ட் இல்லையென்றால் கட்டளைப் பதிவேடே செத்துக் கிடக்கும். சிப் வெறும் ரோம். அந்த 12 வோல்ட்தான் பூட்டு.

இன்னொன்றும் அப்போது வெளியே இருந்தது: முழு அல்காரிதம். 10 மைக்ரோ செகண்ட் பல்ஸ் கொடு, சி0 கொடுத்துச் சரிபார், பற்றாவிட்டால் மறுபடி கொடு, 25 முறைவரை. அழிக்கும்போது 10 மில்லி செகண்ட் பல்ஸ், ஏ0 கொடுத்துச் சரிபார்ப்பு, 1000 முறைவரை. அழிப்பதற்கு முன்னால் எல்லா பைட்டையும் 00 ஆக எழுத வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே 1 ஆக இருக்கும் செல்கள் அளவுக்கு மீறி அழிந்து, எப்போதும் கடத்தும் நிலைக்குப் போய், தன் பிட் லைனில் (பல செல்களைப் படிக்கும் பொது வயர்) உள்ள மற்ற செல்களின் வாசிப்பையும் கெடுத்துவிடும். இத்தனையையும் செய்ய வேண்டியது உங்கள் சாஃப்ட்வேர். ஒரு பல்ஸ் நீண்டுபோனால் சிப் போச்சு.

பிறகு 5 வோல்ட் மட்டும் போதும் என்ற சிப்கள் வந்தன. உயர் மின்னழுத்தம் உள்ளேயே உருவாகிறது, பல்ஸ் எண்ணுவதும் உள்ளேயே. ஆனால் 12 வோல்ட் என்ற பூட்டும் கூடவே போய்விட்டது. இனி வழிதவறிய ஒரு ப்ரோக்ராம், சப்ளை ஏறி இறங்கும்போது ஆடும் ஒரு டபிள்யூஇ, எதுவும் எழுதிவிட முடியும். அந்தப் பூட்டின் இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் திறவு வரிசை. எண்களைப் பாருங்கள்: 5555 என்றால் 0101 0101 0101 0101, 2ஏஏஏ என்றால் 0010 1010 1010 1010. ஏஏ, 55-ம் அப்படியே. அடுத்தடுத்த இரண்டு சுழற்சியில் எல்லா டேட்டா லைனும் கீழ்மட்ட அட்ரஸ் லைன்களும் எதிர்நிலைக்குப் புரள வேண்டும். லைன் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, பஸ் முழுக்க ஒரே மதிப்பில் மிதந்தாலோ, மெமரியை வரிசையாக நிரப்பும் ஒரு லூப் ஓடினாலோ இந்த வரிசை தற்செயலாக உருவாவது மிகவும் அரிது.

அழிப்புக்கு ஆறு சுழற்சி இருப்பதும் அதனால்தான்: ஏஏ, 55, 80, மறுபடி ஏஏ, 55, கடைசியில் செக்டர் முகவரியில் 30. சிப் முழுவதும் என்றால் 5555-ல் 10. தவறுதலாக ஒரு பைட் எழுதுவதைவிட 4 கிலோபைட் போவது பெரிய சேதம், அதற்கு இரண்டு பூட்டு.

28சி256 வகை ஈஈப்ரோமிலும் இதே ஏஏ-55-ஏ0 வரும். அங்கே ஒரு பொறி உண்டு: ஏடி28சி256-ல் ஒரு பைட்டுக்கும் அடுத்த பைட்டுக்கும் நடுவே 150 மைக்ரோ செகண்டுக்கு மேல் விட்டால் பக்கம் (ஒன்றாகச் சேர்த்து எழுதும் பைட் தொகுதி) மூடிக்கொண்டு எழுதத் தொடங்கிவிடும். ஒரு இன்டரப்ட் நடுவில் புகுந்தாலே போதும்.

#9 நீலத்தகடு

16 பிட் பஸ்ஸில் எஸ்29ஜிஎல் வகை சிப். சிஎஃப்ஐ (சிப் தன் விவரங்களைத் தானே சொல்லும் அட்டவணை) கேட்டால், தொடக்கத்தில் வர வேண்டிய க்யூ-ஆர்-ஒய் எழுத்துகள் வரவில்லை. டேட்டா ஷீட்டில் முகவரி 55-ல் 98 கொடுக்கச் சொல்லியிருக்கிறது, அப்படியே பேஸ் முகவரியோடு 55-ஐக் கூட்டிக் கொடுத்தேன். 555, 2ஏஏ திறவு வரிசையும் எடுக்கவில்லை.

#10 அலைமானி

டேட்டா ஷீட்டில் உள்ளது சிப்பின் முகவரி, சொல் (16 பிட்) கணக்கில். உங்கள் சிபியு எண்ணுவது பைட் கணக்கில். 16 பிட் பஸ்ஸில் சிபியுவின் ஏ1 லைன்தான் சிப்பின் ஏ0-வில் இணைந்திருக்கும். எனவே எல்லா முகவரியையும் ஒரு பிட் இடப்பக்கம் தள்ளுங்கள்:

555 → ஏஏஏ
2ஏஏ → 554
55 → ஏஏ

98-ஐ ஏஏ-வில் கொடுத்தால் 20, 22, 24 முகவரிகளில் 51, 52, 59 வரும், அதுதான் க்யூ, ஆர், ஒய்.

இதே சிப்பை 8 பிட் முறையில் இணைத்தவர்களின் கோடில் ஏஏஏ, 555 என்று பார்ப்பீர்கள், 554 இல்லை. குழம்ப வேண்டாம். அந்த முறையில் டிக்யூ15 பின் கடைசி முகவரி பிட்டாக மாறுகிறது. எதிரும் புதிருமான பேட்டர்ன் கெடாமல் இருக்க அந்தப் பிட்டையும் சேர்த்து 555 என்று எழுதுகிறார்கள்.

சிஎஃப்ஐ-யில் அடுத்து 13-ஐப் படியுங்கள் (உங்களுக்கு 26). 02 வந்தால் ஏஏ-55 குடும்பம். 01 அல்லது 03 வந்தால் இன்டெல் குடும்பம். அங்கே திறவு வரிசையே கிடையாது. எழுத 40 பிறகு டேட்டா, அழிக்க 20 பிறகு டி0, நிலை அறிய 70, நிலையைத் துடைக்க 50, வாசிப்புக்குத் திரும்ப எஃப்எஃப். வேலை முடிந்த பிறகும் அது தானாக வாசிப்புக்குத் திரும்பாது, எஃப்எஃப் கொடுக்கும்வரை நிலையையே காட்டிக்கொண்டிருக்கும். ஏஏ-55 குடும்பத்தில் பழகியவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

#11 பதிவேடு

நீலத்தகடு, உங்கள் சிபியுவில் டேட்டா கேச் (படித்ததை நகலெடுத்து வைக்கும் வேக மெமரி) இருந்தால் அந்த முகவரிப் பகுதியைக் கேச் இல்லாததாக, டிவைஸ் மெமரியாக மேப் செய்யுங்கள். கேச் இருந்தால் டிக்யூ6-ஐ இரண்டு முறை படிக்கும்போது இரண்டாவது மதிப்பு சிப்பிலிருந்து வராது, கேச்சிலிருந்து வரும். இரண்டும் சமம், “முடிந்தது”. ஏழாம்பிட்டின் ஓஇ பிரச்சனையும் இதுவும் ஒரே நோய்: சிப் பார்க்காத வாசிப்பு. பாயின்டரை வொலடைல் (ஒவ்வொரு வாசிப்பையும் எழுத்தையும் விடாமல் செய் என்ற குறிப்பு) ஆக அறிவிக்காவிட்டால் கம்பைலரும் இதையே செய்யும். ஒரே முகவரியில் அடுத்தடுத்து ஏஏ, 80, ஏஏ எழுதுவதில் கடைசி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட அதற்கு உரிமை உண்டு.

ஜிஎல் வகையில் டிக்யூ5-ம் இருக்கிறது, எஸ்எஃப்040-ல் கிடையாது. உள்வேலை எல்லை தாண்டிவிட்டால் டிக்யூ5 = 1. ஆனால் டிக்யூ5-ஐ 1 ஆகப் பார்த்ததும் தோல்வி என்று முடிவு கட்டாதீர்கள். அதே கணத்தில் வேலை முடிந்து, நீங்கள் பார்ப்பது உண்மை டேட்டாவின் ஐந்தாவது பிட்டாகவும் இருக்கலாம். இன்னொரு முறை படியுங்கள். அப்போதும் டிக்யூ6 புரண்டுகொண்டிருந்தால்தான் தோல்வி. தோல்வியானால் எஃப்0 கொடுத்து மீட்க வேண்டும். 0 இருக்கும் இடத்தில் 1 எழுத முயன்றால் இந்த நிலை வரும். எஸ்எஃப்040 போல மௌனமாகப் போகாது.

#12 கூட்டுவிசை

எட்டு கால் எஸ்பிஐ (டேட்டாவைப் பிட் பிட்டாக அனுப்பும் சீரியல் பஸ்) சிப்புக்கு இதெல்லாம் பொருந்துமா? டபிள்யூ25க்யூ64-ல் முகவரி 0000எஃப்0-இல் 32 பைட் எழுதினால் முதல் 16 சரி, மீதி 16 காணவில்லை. 000000-இல் இருந்த டேட்டாவும் கெட்டிருக்கிறது.

#13 துடிப்பு

மீதி 16 காணாமப் போகல, அந்த 000000-லதான் இருக்கு. பக்கம் 256 பைட். 02 (எழுது) கட்டளைல முகவரியோட கடைசி பைட் எஃப்எஃப் தாண்டினா அடுத்த பக்கத்துக்குப் போகாது, அதே பக்கத்தோட தொடக்கத்துக்குச் சுத்தி வந்துடும். அங்க ஏற்கெனவே டேட்டா இருந்ததால ரெண்டும் சேர்ந்து ஆண்ட் ஆயிடுச்சு (ரெண்டுலயும் 1 இருந்த பிட் மட்டும் 1), அதான் கெட்டுப்போன மாதிரி தெரியுது. முதல் துண்டோட அளவு = 256 கழித்தல் (முகவரி மாடுலோ 256). உங்களுக்கு 16. அத எழுதி முடிச்சு, மறுபடி 06 குடுத்து, மீதிய 000100-ல எழுதுங்க.

எஸ்பிஐ-ல திறவு வரிசைக்குப் பதிலா 06 இருக்கு, ரைட் எனேபிள். அதுல ரெண்டு விஷயம். ஒண்ணு, 06-க்குன்னு தனி சிஎஸ் (சிப்பைத் தேர்ந்தெடுக்கற பின்) பல்ஸ் வேணும். சிஎஸ் கீழ, 06, சிஎஸ் மேல. மேல ஏறும்போதுதான் அது நடக்குது. 06-உம் 02-உம் ஒரே சிஎஸ்-ல அனுப்பினா ரெண்டுமே போச்சு. ரெண்டு, ஒவ்வொரு எழுத்து, ஒவ்வொரு அழிப்பு முடிஞ்சதும் அது தானா அணைஞ்சிடும். ஒவ்வொரு தடவையும் குடுக்கணும்.

எங்க தவறுதுன்னு கண்டுபிடிக்க 05 வச்சு நிலைய மூணு இடத்துல படிங்க:

06 குடுத்ததும்: 02 வரணும். 00 வந்தா 06 போய்ச் சேரல.
02-வும் டேட்டாவும் குடுத்து சிஎஸ் மேல ஏத்தினதும்: 03 வரணும். 02-வே இருந்தா கட்டளைய எடுத்துக்கல. சிஎஸ் சரியா எட்டாவது பிட் முடிஞ்ச இடத்துல மேல ஏறலன்னு சந்தேகப்படுங்க. ஒரு க்ளாக் அதிகமா போனாலும் மொத்த பக்கத்தையும் தள்ளிடும்.
முடிஞ்சதும்: 00.

எப்பவும் எஃப்எஃப் வந்தா சிப்பே பேசல, லைன் மேல இழுபட்டு நிக்குது. இதுல ஒரு ஆபத்து: பிஸி பிட் 1-ஆவே தெரியறதால லூப் முடிவில்லாம சுத்தும். அதனால முதல்ல 9எஃப் குடுத்து ஐடி பாருங்க, இஎஃப் 40 17 வரணும். அந்த 17-ம் சும்மா இல்ல, ஹெக்ஸ் 17 = 23, ரெண்டின் 23-ம் அடுக்கு பைட், 8 மெகாபைட். ஐடி எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப்னு வந்து வயர் எல்லாம் சரியா இருந்தா, யாரோ பி9 குடுத்துத் தூங்க வச்சிருக்கலாம். தூக்கத்துல அது கேக்கற ஒரே கட்டளை ஏபி. அதக் குடுத்து 3 மைக்ரோ செகண்ட் கழிச்சு மறுபடி கேளுங்க.

#14 பதிவேடு

16 மெகாபைட்டைத் தாண்டும் எஸ்பிஐ சிப்பில் இன்னொன்று. மூன்று பைட் முகவரி அதற்கு மேல் எட்டாது, பி7 கொடுத்து நாலு பைட் முறைக்கு மாற்றுவார்கள். அதன் பின் சிபியு மட்டும் ரீசெட் ஆகி, சிப்பின் மின்சாரம் போகாமல் இருந்தால், பூட் ரோம் மூன்று பைட் முகவரி அனுப்பும், சிப் நாலாவது பைட்டுக்குக் காத்திருக்கும். போர்டு எழாது, மின்சாரத்தை அணைத்துப் போட்டால் எழும். முறையை மாற்றாமல், எப்போதும் நாலு பைட் எடுக்கும் தனிக் கட்டளைகளை (வாசிக்க 13, எழுத 12, 4 கிலோபைட் அழிக்க 21) சிப் ஆதரித்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பூட் ஆவதற்கு முன் 66, 99 என்று இரண்டு தனிக் கட்டளைகளால் சிப்பை ரீசெட் செய்ய ஏற்பாடு வேண்டும்.

நாண்ட் (இன்னொரு வகை ஃப்ளாஷ்) சிப்புக்கு இது தனி இழையாகவே தேவைப்படும், ஒரே ஒரு வரி மட்டும்: அங்கே கட்டளை இரண்டு பைட்டுக்கு நடுவே முகவரியை வைத்துக்கொள்ளும் (வாசிக்க 00…30, எழுத 80…10, அழிக்க 60…டி0), கடைசி பைட் கொடுத்த உடனே ரெடி பின்னைப் பார்த்தால் இன்னும் கீழே இறங்கியிருக்காது, 100 நானோ செகண்ட் விட்டுப் பாருங்கள்.

#15 ஏழாம்பிட்

ஓஇ-யை ஒவ்வொரு வாசிப்புக்கும் ஆட்டியதும் 256 பைட்டும் ஒழுங்காக ஏறிவிட்டன, 4 கிலோபைட்டும் சரிபார்ப்பில் தேறியது. நன்றி. அடுத்த கட்டமாக ப்ரோக்ராமும் அதே சிப்பிலிருந்து ஓடி, அதன் கடைசி செக்டரில் அமைப்புகளைச் சேமிக்க வேண்டும். செய்ய முடியுமா? எழுதும்போது மின்சாரம் போனால்?

#16 அலைமானி

முடியும், ஆனால் எழுதும் ரூட்டீன் ரேமில் ஓட வேண்டும். சிப் வேலையில் இருக்கும்போது எந்த முகவரியைப் படித்தாலும் வருவது நிலை பிட்கள்தான், உங்கள் ப்ரோக்ராம் இல்லை. சிபியு அதையே ஆணையாக எடுத்து ஓடிவிடும். ரூட்டீனை ரேமுக்கு நகலெடுத்தால் மட்டும் போதாது: அது கூப்பிடும் தாமத ஃபங்ஷன், கம்பைலர் தானாகச் சேர்க்கும் மெம்காப்பி போன்றவை, இன்டரப்ட் வெக்டர், எல்லாம் ரேமில் இருக்க வேண்டும். அல்லது இன்டரப்டை அணைக்க வேண்டும். அணைத்தால் 25 மில்லி செகண்ட் அழிப்பின்போது 115200 வேகத்தில் வரும் சீரியல் டேட்டா கிட்டத்தட்ட 288 பைட் கைநழுவும். அனுப்புபவரை முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள். 29 வகை சிப்கள் பலவற்றில் பி0 கொடுத்து அழிப்பை இடைநிறுத்தி, 30 கொடுத்துத் தொடரலாம். எஸ்எஃப்040-ல் அந்த வசதி இல்லை.

மின்சாரம் போவதைப் பொறுத்தவரை: அழிப்பின் நடுவே போனால் அந்த செக்டரில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். எஃப்எஃப் என்று தெரிவதும் பாதி அழிந்த செல்லாக இருந்து, சூட்டிலோ சப்ளை மாற்றத்திலோ வேறாகப் படிக்கலாம். எனவே எஃப்எஃப் தெரிவதை வைத்து “காலி” என்று முடிவு செய்யக்கூடாது.

இரண்டு செக்டர் வையுங்கள். ஒவ்வொன்றின் முதல் பைட்டும் கொடி. 1-லிருந்து 0-வுக்கு அழிக்காமலே போகலாம் என்பதை இங்கே உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்: எஃப்எஃப் என்றால் நம்பாதே, எஃப்இ என்றால் எழுதிக்கொண்டிருக்கிறது, எஃப்சி என்றால் செல்லும், எஃப்8 என்றால் பழையது. புதிய செக்டரை அழி, கொடியை எஃப்இ ஆக்கு, அமைப்புகளையும் சிஆர்சி-யையும் (சரிபார்ப்பு எண்) எழுது, படித்துச் சரிபார், கொடியை எஃப்சி ஆக்கு, பிறகே பழையதின் கொடியை எஃப்8 ஆக்கு. எந்த இடத்தில் மின்சாரம் போனாலும் ஒரு நல்ல நகல் மிஞ்சும். எஃப்சி இரண்டு செக்டரிலும் இருந்தால் கடைசிப் படிக்கு முன் போயிருக்கிறது என்று பொருள். வரிசை எண் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள், எனவே அமைப்புகளோடு ஒரு வரிசை எண்ணும் எழுதுங்கள்.

இந்தக் கொடி வித்தை ஈசிசி (பிழை திருத்தும் கூடுதல் பிட்கள்) உள்ள சிப்களில் செல்லாது. அங்கே 16 பைட் போன்ற ஒரு தொகுதிக்குச் சேர்த்து ஈசிசி எழுதப்படுகிறது. அதே தொகுதியில் பிட்டை மறுபடி இறக்கினால் ஈசிசி பொருந்தாமல் போகும் அல்லது அந்தத் தொகுதிக்கு அது அணைந்துவிடும். அங்கே ஒவ்வொரு கொடிக்கும் ஒரு முழுத் தொகுதியை ஒதுக்கி, ஒரே ஒரு முறை எழுதுங்கள். எஸ்எஃப்040-ல் ஈசிசி கிடையாது, மேலே சொன்னபடியே செய்யலாம்.